வைட்டல் சைன்ஸ்: நர்சிங் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.ஆர்.பி. (தமிழக அரசு நர்ஸ் பணித் தேர்வு), நார்செட் (எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் பணித் தேர்வு), என்க்ளெக்ஸ் (அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வு) என எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் வைட்டல் சைன்ஸ், அதாவது வெப்பநிலை, பல்ஸ், சுவாசம், பிபி, ஆக்சிஜன் என்ற அடிப்படை உடல் அளவுகள், வராமல் இருக்காது. நார்மல் அளவுகள் முதல் வருடத்திலேயே எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியும் இந்தப் பகுதியில் மார்க் போகிறது. ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுத்து, நார்மலா இல்லையா என்று பார்த்துவிட்டு விடையைக் குறித்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் அந்த எண் என்னவாக இருந்தது, கூடவே மற்ற எண்கள் எப்படி மாறின, படுத்திருப்பவர் யார் என்று சேர்த்துப் பார்த்தால்தான் விடை பிடிபடும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றித்தான்.

ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு நார்மல் அளவு இருக்கிறதே, எதைப் படிப்பது?

பெரியவர்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், பல்ஸ் நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20, பிபி 120/80க்குக் கீழ், ஆக்சிஜன் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவு) 95 முதல் 100 சதவீதம். பிறந்த குழந்தைக்குப் பல்ஸ் 120 முதல் 160, சுவாசம் 30 முதல் 60. சில புத்தகங்களில் சுவாசம் 16 முதல் 20 என்றிருக்கும், சிலவற்றில் வெப்பநிலை 36.1இல் தொடங்கும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி எடுப்பவர்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை விடையாக வைப்பதில்லை.

பிபியில் மட்டும் எந்தத் தேர்வு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலின்படி 130/80இலிருந்தே உயர் ரத்த அழுத்தம். நம் நாட்டு அரசுத் திட்டங்களில் 140/90தான் கோடு. என்க்ளெக்ஸ் எழுதுபவர்கள் முதலாவதையும், இங்கே எழுதுபவர்கள் இரண்டாவதையும் நினைவில் வைப்பது நல்லது.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற நேரம் போகிறது. சுருக்கு வழி உண்டா?

37 என்றால் 98.6. அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 1.8 கூட்டுங்கள். 38க்கு 100.4, 39க்கு 102.2, 40க்கு 104. இந்த நான்கும் தெரிந்தால் தேர்வுக்குப் போதும். காய்ச்சல் என்று சொல்ல 38, ஹைப்போதெர்மியாவுக்கு (உடல் அளவுக்கு மீறிக் குளிர்வது) 35க்குக் கீழ்.

வாயில், அக்குளில், மலவாயில் எடுக்கும் வெப்பநிலைகளில் எவ்வளவு வித்தியாசம்?

வாயில் எடுப்பதைவிட மலவாயில் சுமார் அரை டிகிரி செல்சியஸ் கூடும், அக்குளில் சுமார் அரை டிகிரி குறையும். காபி குடித்தவுடன் வாயில் வைக்கக் கூடாது, 15 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மலக்குடலில் அறுவை செய்தவருக்கும் பிளேட்லெட் குறைந்தவருக்கும் மலவாய் வழி வேண்டாம். உடல் வெப்பம் விடியற்காலையில் மிகக் குறைவாகவும் மாலை 4 முதல் 6 மணிக்குள் மிக அதிகமாகவும் இருக்கும். அதனால் காலை 36.4, மாலை 37.2 என்று சார்ட்டில் இருந்தால் அதைக் காய்ச்சல் என்று குறிக்காதீர்கள்.

பல்ஸை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாமா?

சீராக இருந்தால் பெருக்கலாம். சீரில்லாமல் இருந்தாலோ, முதல் முறை பார்க்கும் நோயாளி என்றாலோ முழு நிமிடம். ஏபிகல் பல்ஸ் (ஸ்டெத் வைத்து இதய முனையில் எண்ணுவது) எப்போதுமே முழு நிமிடம்தான். பெரியவர்களுக்கு இடது பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே வரும் கோட்டில் ஸ்டெத்தை வைக்க வேண்டும்.

இதோடு ஒட்டி வருவது இதய மருந்தான டிஜாக்ஸின் பற்றிய கேள்வி. மாத்திரை கொடுக்கும் முன் ஏபிகல் பல்ஸ் பார்க்கிறீர்கள், 54 இருக்கிறது. மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழ், சிறுவர்களுக்கு 70க்குக் கீழ், கைக்குழந்தைகளுக்கு 90க்குக் கீழ் என்பது கணக்கு. அதே நோயாளிக்குப் பொட்டாசியம் குறைவு என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால் அது சும்மா வந்ததில்லை. பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்ஸின் நஞ்சாகும் வாய்ப்பு கூடும்.

ஏபிகல் 96, ரேடியல் (மணிக்கட்டில் பார்ப்பது) 80 என்று கொடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான பல்ஸ் டெஃபிசிட் 16. இரண்டு நர்ஸ்கள் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்புதான் நினைவுக்கு வர வேண்டும்.

காய்ச்சல் ஏறினால் பல்ஸும் ஏறத்தானே வேண்டும்?

பொதுவாக ஏறும். ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சுமார் 10 துடிப்பு என்று கற்பிப்பார்கள். 103 டிகிரி காய்ச்சலில் பல்ஸ் 84 மட்டும் இருக்கிறது என்று கேள்வி வந்தால் டைஃபாய்டை நினையுங்கள். விடைகளில் அது இல்லையென்றால், நோயாளி பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுகிறாரா என்று கேள்வியை மறுபடி படியுங்கள்.

சுவாசத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வார்டில் யாரும் எண்ணுவதே இல்லையே?

அதுதான் கவலை. பல வார்டுகளில் டிபிஆர் (வெப்பநிலை, பல்ஸ், சுவாசம்) சார்ட்டைப் புரட்டினால் முப்பது படுக்கைக்கும் சுவாசம் 20 என்றே எழுதியிருக்கும். முப்பது பேரும் ஒரே மாதிரி மூச்சு விட வாய்ப்பே இல்லை. தேர்வு எடுப்பவர்களுக்கும் இது தெரியும். நோயாளி மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறும் எண்களில் சுவாசமும் ஒன்று. பிபி கீழே வருவதற்கு முன்பே 16 இருந்தது 22 ஆகி, 26 ஆகும். உடலில் அமிலம் சேர்ந்தாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், ரத்தம் போனாலும் மூச்சு வேகமெடுக்கும்.

எண்ணும்போது நோயாளிக்குச் சொல்லாமல் எண்ண வேண்டும். சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் பார்த்த கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவது பழைய வழக்கம். தேர்விலும் அதுவே சரியான விடை.

விதவிதமான சுவாசங்களில் மூன்று திரும்பத் திரும்ப வரும். ஆழமாகவும் வேகமாகவும் இருந்தால் குஸ்மால், நீரிழிவில் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸில் வரும். மெல்ல ஆழமாகி, மெல்லக் குறைந்து, கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொடங்கினால் செய்ன்ஸ்டோக்ஸ். இதயச் செயலிழப்பிலும் பக்கவாதத்திலும் உயிர் பிரியும் தறுவாயிலும் வரும். ஒழுங்கே இல்லாமல் சில மூச்சுக்கள், திடீரென்று ஒரு நிறுத்தம் என்றால் பயாட்ஸ், மூளைத்தண்டைப் பாருங்கள்.

பிபி தவறாகக் காட்டும் சந்தர்ப்பங்களை எப்படி நினைவில் வைப்பது?

கையில் சுற்றும் பட்டையான கஃப் சிறியதாக இருந்தால் பிபி கூடுதலாகவும், பெரியதாக இருந்தால் குறைவாகவும் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினால் கூடும், மேலே தூக்கியிருந்தால் குறையும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும், பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். கஃபுக்குள் இருக்கும் பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமும் நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். காற்றை நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற வேகத்தில் இறக்க வேண்டும்.

டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையிலும், மார்பகத்தோடு அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பக்கத்துக் கையிலும் பிபி பார்க்கக் கூடாது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் சிஸ்டாலிக் (மேல் எண்) 20 அல்லது டயஸ்டாலிக் (கீழ் எண்) 10 குறைந்தால் ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன். அப்போது முதல் வேலை அவரை மறுபடி படுக்க வைப்பது. குறித்து வைப்பது அதற்கு அப்புறம்.

பிபி நார்மலாக இருக்கும்போதே ஷாக் என்று விடை கொடுத்திருக்கிறார்களே, எப்படி?

இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஷாக் என்றால் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை. வயிற்று அறுவை முடிந்து வந்த ஒருவரின் எண்களைப் பாருங்கள். காலை 10 மணி: பிபி 128/80, பல்ஸ் 82, சுவாசம் 16. 11 மணி: 122/84, பல்ஸ் 98, சுவாசம் 20. 12 மணி: 114/90, பல்ஸ் 116, சுவாசம் 24.

மூன்று முறையும் சிஸ்டாலிக் நூறுக்கு மேல்தான். பிபியை மட்டும் பார்ப்பவர் நோயாளி ஸ்டேபிள் என்று குறித்துவிடுவார். இப்போது பல்ஸ் பிரஷரை, அதாவது சிஸ்டாலிக்குக்கும் டயஸ்டாலிக்குக்கும் உள்ள வித்தியாசத்தை, கணக்கிடுங்கள். 48 இருந்தது 38 ஆகி, 24 ஆகியிருக்கிறது. ரத்தம் எங்கோ உள்ளே கசிகிறது. உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால்தான் டயஸ்டாலிக் ஏறுகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. பல்ஸை சிஸ்டாலிக்கால் வகுத்தால் கிடைப்பது ஷாக் இண்டெக்ஸ். 0.5 முதல் 0.7 வரை நார்மல். இவருக்கு 0.64இலிருந்து 1.02க்கு வந்துவிட்டது.

பெரியவர்களுக்கு மொத்த ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் போகும் வரை சிஸ்டாலிக் தாக்குப்பிடிக்கக்கூடும். 30ஐத் தாண்டும்போதுதான் தெளிவாக விழும். எழுபது கிலோ ஆளுக்கு அது ஒன்றரை லிட்டர். பிபி விழும்வரை காத்திருந்த நர்ஸ் ஒன்றரை லிட்டர் தாமதம். 2023 ஏப்ரல் முதல் நடக்கும் புதிய என்க்ளெக்ஸில் இப்படி மணிவாரியாக எண்களைக் கொடுத்துக் கேட்பதற்கென்றே ஒரு கேள்வி வகை உண்டு.

தலையில் அடிபட்டவருக்கு இதற்கு நேர்மாறாக வருமாமே?

ஆமாம். ஷாக்கில் பல்ஸ் ஏறும், பிபி இறங்கும், பல்ஸ் பிரஷர் குறுகும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் சிஸ்டாலிக் ஏறும், பல்ஸ் இறங்கும், பல்ஸ் பிரஷர் விரியும், சுவாசம் ஒழுங்கு தப்பும். காலையில் 130/80, பல்ஸ் 88 இருந்தவர் பத்து மணிக்கு 168/70, பல்ஸ் 54 என்றால் அது குஷிங் ட்ரையட். இது தாமதமாக வரும் அறிகுறி என்பதையும் சேர்த்துப் படியுங்கள். "முதலில் தெரியும் மாற்றம் எது" என்று கேட்டால் விடை நினைவுநிலை மாறுவது, குஷிங் இல்லை.

டெங்குவில் காய்ச்சல் விட்டுவிட்டால் நல்லதுதானே?

வீட்டார் அப்படித்தான் நினைப்பார்கள். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவதால் ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறும், பிளேட்லெட் இறங்கும். ஐந்தாம் நாள், வெப்பநிலை 37, பிபி 100/84, பல்ஸ் 120, கை கால் சில்லிட்டிருக்கிறது என்று கேள்வி வந்தால் 100 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல்ஸ் பிரஷர் 16. டெங்குவில் 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஷாக்.

குழந்தைகளுக்கு எதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

வேகமான சுவாசத்தின் வரம்பு. இருமலோடு வரும் குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல். எம்.ஆர்.பி.க்கும் நார்செட்டுக்கும் படிப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஒன்று முதல் பத்து வயது வரை சிஸ்டாலிக்கின் கீழ் வரம்பு, வயதை இரண்டால் பெருக்கி 70ஐக் கூட்டினால் வரும். நான்கு வயதுக்கு 78. குழந்தைகளின் உடல் பிபியைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். விழுந்துவிட்டால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள். அதனால் கேப்பிலரி ரீஃபில் (நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம்), கை கால் குளிர்ச்சி, பல்ஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எண்ணை நம்பவே முடியாத நோயாளிகள் யார்?

வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். திடீர்க் குழப்பமும் வேகமான மூச்சும்தான் துப்பு. செப்சிஸில் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை) வெப்பநிலை 36க்குக் கீழே இறங்குவதும் உண்டு. பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் ஏறாது. ஓட்டப் பயிற்சி எடுப்பவருக்கு 50 சகஜம். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்கு மேல் 140/90 என்றால் தலைவலி, கண் மங்கல், சிறுநீரில் புரதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 160/110 என்றால் அவசரம்.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்குச் சாச்சுரேஷன் இலக்கு 88 முதல் 92. அவருக்கு 90 இருப்பதைப் பார்த்து ஆக்சிஜனைக் கூட்டும் விடை தவறு.

ஆக்சிமீட்டர் எப்போது பொய் சொல்லும்?

நகச்சாயம், குளிர்ந்த விரல், நடுக்கம், மிகக் குறைந்த பிபி. மானிட்டர் 78 காட்டுகிறது, நோயாளி பக்கத்துப் படுக்கைக்காரரோடு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் முதலில் அவரைப் பாருங்கள், அப்புறம் விரல் கிளிப்பை. இதைவிட ஆபத்தானது தலைகீழ் நிலை: புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்குக் கருவி 99 காட்டும். கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மருந்து கொடுக்கும் முன் சுவாசம் பார்ப்பது எதற்கெல்லாம்?

வலி மருந்தான மார்ஃபினுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கும். மார்ஃபின் என்றால் 12க்குக் கீழே நிறுத்தி வையுங்கள், அதன் விளைவை முறிக்கும் மருந்து நலோக்சோன். கர்ப்ப கால வலிப்பான எக்லாம்ப்சியாவுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் திரும்பக் கொடுக்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா, சுவாசம் 16க்குக் குறையாமல் இருக்கிறதா. அமெரிக்கப் புத்தகங்களில் 16க்குப் பதில் 12 இருக்கும். இதன் விளைவை முறிக்கும் மருந்து 10 சதவீத கால்சியம் குளூக்கோனேட், 10 மி.லி., நரம்பு வழியாக மெதுவாக.

நியூஸ் ஸ்கோர் படிக்க வேண்டுமா?

எல்லா எண்களுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் இந்த முறை, பிரிட்டன் போக நினைப்பவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வரும். 2017இல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட இரண்டாம் வடிவம்தான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நோயாளிக்குச் சுவாசம் 22, அதற்கு 2 புள்ளி. ஆக்சிஜன் வைக்காமல் சாச்சுரேஷன் 94, அதற்கு 1. சிஸ்டாலிக் 108க்கு 1, பல்ஸ் 112க்கு 2, வெப்பநிலை 38.4க்கு 1. நினைவு தெளிவு, புள்ளி இல்லை. மொத்தம் 7. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. ஆனால் 5 வந்தாலே மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரக் குழு.

நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டால்?

ஒரு மாதிரி: சாச்சுரேஷன் 89 உள்ள சி.ஓ.பி.டி. நோயாளி. பிரசவமாகி பத்து மணி நேரமான, வெப்பநிலை 37.8 உள்ள தாய். பல்ஸ் 52 உள்ள விளையாட்டு வீரர். நிமோனியாவுக்குச் சேர்ந்து, சுவாசம் 28 ஆகி, ஒரு மணி நேரமாகப் பெயர் மாற்றிப் பேசும் எழுபது வயதுப் பெரியவர்.

முதல் மூவருக்கும் அந்த எண் எதிர்பார்த்ததுதான். பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரத்தில் 38 வரை வருவது நீர்ச்சத்துக் குறைவாலும் இருக்கலாம். நான்காமவர் புதிதாக மாறியிருக்கிறார், அதுவும் இரண்டு இடத்தில். அவரிடம்தான் போக வேண்டும்.

எண் மாறியிருந்தால் முதலில் மருத்துவரைக் கூப்பிடுவதா, மறுபடி பார்ப்பதா?

கேள்வி எவ்வளவு தகவல் தருகிறது என்பதைப் பொறுத்தது. உதவியாளர் வந்து "பிபி 86/50 சிஸ்டர்" என்று மட்டும் சொன்னால் நீங்களே போய் நோயாளியைப் பார்த்து மறுபடி எடுப்பதுதான் முதல் வேலை. வியர்வை, குழப்பம், வேகமான பல்ஸ் என்று எல்லாமே கேள்வியில் கொடுத்துவிட்டால் மறுபடி அளந்துகொண்டிருப்பது நேர விரயம். செய்ய வேண்டியதைச் செய்யும் விடையைத் தேடுங்கள்.

ரத்தம் ஏற்றும்போது இது இன்னும் கறார். தொடங்கும் முன்னும், தொடங்கி 15 நிமிடத்திலும் வைட்டல்ஸ் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறி, குளிர் நடுக்கமும் முதுகு வலியும் வந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். அடுத்து புதிய ட்யூபில் நார்மல் சலைன். மருத்துவருக்குச் சொல்வது அதற்கும் பிறகு.

உதவியாளரை வைட்டல்ஸ் எடுக்கச் சொல்லலாமா?

நிலையாக இருக்கும் நோயாளிக்குச் சொல்லலாம். என்க்ளெக்ஸில் இது பிடித்தமான கேள்வி. அறுவை அரங்கிலிருந்து இப்போதுதான் வந்தவர், ரத்தம் ஏற்றத் தொடங்கி முதல் 15 நிமிடத்தில் இருப்பவர், நெஞ்சுவலி என்று சொல்பவர் ஆகியோருக்கு நர்ஸே எடுக்க வேண்டும். உதவியாளர் எடுத்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வதும் எப்போதும் நர்ஸின் வேலை.